ஆனையிறவில் ஏழாவது ஆனை

மான்தோல் நூற்றுப்பதினாலு.
அதில் பன்னிரண்டு பூச்சி அரித்தவை.
மரைத்தோல் ஒன்பது. சிறுத்தை இல்லை.
தேன் மூன்று குடம், மெழுகு தனி.
எழுத்தாணி வியர்வையில் வழுக்குகிறது,
ஓலை மட்டும் காய்ந்தே இருக்கிறது.

தோம்பில் என் பெயர் யாக்கோபு.
வீட்டில் கூப்பிடும் பெயரை
இங்கே எழுதமாட்டேன்.

காவலரணில் ஒரு பீரங்கி.
அதன் வாயில் குளவி கூடு கட்டி
மூன்று மாதம்.
பனங்குற்றி வேலி, இரண்டு கூடாரம்,
காய்ச்சலோடு ஒரு கொப்ரால்.
ஹென்ரிக் அவன் பெயர்.
அவன் ஊரில் தண்ணீர் கல்லாகுமாம்,
அதன்மேல் மாட்டுவண்டி போகுமாம்.
காய்ச்சல்காரன் பேச்சென்று விட்டுவிட்டேன்.

அவன் தம்பி வேறொரு கடலுக்கு அப்பால்
இதேபோல் ஒரு வேலிக்குள் இருந்து
தட்டைவால் விலங்கொன்றின் தோலை எண்ணுகிறானாம்.
தொப்பி செய்வதற்கு.
தொப்பிக்கா, என்று கேட்டேன்.
"உன் மான்தோல் எதற்கென்று நினைத்தாய்?"
யோசித்துப் பார்த்தேன்.
பதினொரு வருடம் எண்ணியிருக்கிறேன்,
ஒருவரும் சொன்னதில்லை.

ஆவணியில் வன்னியிலிருந்து திறை வந்தது.
ஏழு ஆனை.
முன்னால் பணிக்கன் உதுமான், தோளில் வார்க்கயிறு,
பேச்சு குறைந்த மனிதன்.
ஆறு ஆனை களப்பைக் கடந்து ஏறின.
சேறு முழங்கால் வரை, உப்பு வயிறு வரை.
ஏழாவது, ஐந்து முழ உயரம்,
இடது காதில் கிழிசல்,
நடுவே நின்றுவிட்டது.

அதட்டினார்கள். கரும்பு காட்டினார்கள்.
பழகிய ஆனை இரண்டை
பக்கத்துக்கு ஒன்றாய் அனுப்பினார்கள்.
அது தும்பிக்கையை நீரில் நீட்டியபடி
தெற்கே பார்த்திருந்தது.
மூன்றாம் நாள் விடியுமுன்
உட்கார்ந்தது.
பிறகு எழும்பவில்லை.

சட்டம் சின்னது, எனக்கு மனப்பாடம்:
கரை சேர்ந்தால் கொம்பனியின் ஆனை,
சேராவிட்டால் வன்னியின் கடன்.

கயிறு எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
அந்திக்கு எங்கள் கரையிலிருந்து
இருநூற்றுப்பன்னிரண்டு முழம்.
இரவு முழுக்கச் சோழகம் அடித்தது.
காலையில் அளந்தால் நூற்றுநாற்பது.
நடுப்பகலில் ஆனையைச் சுற்றித் தண்ணீரே இல்லை,
வெள்ளையாய் உப்புப் பொருக்கு,
அதில் நண்டு நடந்த கோடு.

உதுமான் கேட்டான்:
"கணக்கப்பிள்ளை, எது கரை?"

கொப்ரால் போர்வைக்குள் பல்லடித்துக் கிடந்தான்.
நான் எழுதினேன்:
ஆனை ஏழு. ஏழும் கரை சேர்ந்தன.
ஒன்று சேர்ந்தபின் இறந்தது.

உதுமான் நன்றி சொல்லவில்லை.
தலைத்துணியை அவிழ்த்து
ஆனையின் கண்மேல் போட்டுவிட்டு
தெற்கே நடந்தான்.
வெயிலில் அவன் மொட்டைத்தலை
வெகுதூரம் தெரிந்தது.

மார்கழியில் கோட்டையிலிருந்து ஓலை வந்தது.
சென்ற முறை ஏழும் குறைவின்றிச் சேர்ந்தபடியால்
வரும் ஆண்டுக்கு எட்டு.

அதை மூன்று தரம் வாசித்தேன்.
என் எழுத்தின் வால்
அவர்கள் எழுத்தில் முளைத்திருந்தது.

இப்போது மறுபடி ஆவணி.
எட்டும் வருகின்றன.
களப்பின் நடுவில் விலா எலும்புகள்,
கூரை வேயாத கொட்டிலைப்போல.
முன்னால் வந்த ஆனை அங்கே நின்று
ஒரு எலும்பை எடுத்து, முகர்ந்து,
இருந்த இடத்திலேயே வைக்கிறது.
பின்னால் வந்த ஏழும் நிற்கின்றன.
இந்த முறை யாரும் அதட்டவில்லை.
வந்திருப்பது வேறு பணிக்கன்.
உதுமான் எங்கே என்று கேட்க
வாய் வரவில்லை.

நிழல் நீள்கிறது.
மான்தோலை எண்ணத் தொடங்குகிறேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவதில் ஒரு துளை,
விரல் நுழையும் அளவு.
அதன் வழியே பார்த்தால்
தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதென்று
தெரியவில்லை.